அம்மா இன்று எந்தக் குறையும் சொல்லவில்லை

“நல்லதுதானேக்கா? ஒன்பது நாளா அம்மா ஒரு குறையும் சொல்லலையாம். தினமும் அறிக்கை வந்துடுது.”

கடல் தாண்டி இருக்கிற அக்கா போனில் நம்பாமல் கேட்டாள்.

“அம்மாவா? அவ ஒன்பது நிமிஷம் குறை சொல்லாம இருந்து நீ பாத்திருக்கியாடா?”

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தான் கூப்பிட்டபோது அம்மா எடுக்கவில்லை என்றும், வழக்கம்போலக் கோபமாக இருக்கிறாள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். நீ கடைசியாக எப்போது பேசினாய் என்று கேட்டாள். தினமும் பேசுகிறேனே என்றான். உன் வாயால் எப்போது பேசினாய் என்று திரும்பக் கேட்டாள். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அம்மா வீடு அவனுடைய டைல்ஸ் கடையிலிருந்து நாற்பது நிமிடம். மனிதர் தினமும் போகக்கூடிய தூரம்தான். ஆனால் அவன் பிஸி. அதனால் ஐந்து மாதத்துக்கு முன் ஒரு குரல் சேவையில் சேர்ந்தான். காரில் உட்கார்ந்து ஐம்பது வாக்கியங்களை வாசித்துக் கொடுத்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு அவன் குரலில், அவன் சிரிப்போடு, அவனுக்கு இல்லாத பொறுமையோடு ஒரு இயந்திரம் அம்மாவைக் கூப்பிட்டது. சேவையின் அழைப்பை மட்டும் அம்மாவின் போன் தானாகவே ஒலிபெருக்கியில் எடுத்துக்கொள்ளும். அம்மாவின் நடுங்கும் விரலுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அம்மா கண்டவர்களையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதிருக்க, அந்தப் போனிலிருந்து யாரையும் அழைக்க முடியாதபடி பூட்டிச் சேவையின் பொறுப்பில் விட்டிருந்தான். வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணையும் நிறுத்திவிட்டான். அதுதான் பாசமாகப் பேச ஆள் வைத்தாயிற்றே.

முதல் வாரம் அறிக்கைகள் நீளமாக வந்தன. முழங்கால் வலி. மாடியில் பூனை. நீ எப்போது வருவாய் என்று கேட்டார். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பொத்தான்கள்: முக்கியம், முக்கியமில்லை. நீங்கள் அழுத்த அழுத்த இயந்திரம் கற்றுக்கொள்ளும் என்று போட்டிருந்தது. அவன் சிக்னலில் அழுத்தினான். கடையில் சரக்கு இறங்கும்போது அழுத்தினான். படித்தா அழுத்துவார்கள் இதையெல்லாம்? தலைசுற்றல், முக்கியமில்லை. சம்பந்தமில்லாமல் பேசுகிறார், முக்கியமில்லை. கதவைத் திறக்கச் சொல்கிறார், முக்கியமில்லை. அம்மா கோபத்தில் வாயே திறக்காவிட்டால் என்ன செய்யட்டும் என்று அது கேட்டபோது, பன்னிரண்டு நிமிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிரு என்பதைத் தேர்ந்தெடுத்தான். மூன்றாவது மாதம் அறிக்கை ஒரே வரியாகச் சுருங்கியது. அம்மா நலம். எவ்வளவு புத்திசாலி இயந்திரம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டான். கடைசி ஒன்பது நாளாக அதோடு இன்னொரு வரியும் வந்தது: அம்மா இன்று எந்தக் குறையும் சொல்லவில்லை.

அக்காவின் வாயை அடைக்கத்தான் நேற்றைய அழைப்பின் ஒலிப்பதிவைத் திறந்தான். அவன் குரல் சாப்பிட்டியாம்மா என்று கேட்டது. இடைவெளி. அப்புறம் அவன் குரலே, அது சரி, என்று சிரித்தது. இன்னொரு இடைவெளி. அதில் ஃப்ரிட்ஜின் முனகல் கேட்டது, எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. அதற்கும் அடியில், மெல்லிய கம்பியை யாரோ விடாமல் மீட்டுவதுபோல ஒரு ரீங்காரம். முந்தின நாளுடையதைக் கேட்டான். அதற்கும் முந்தின நாளுடையதை. ஒன்பது நாளும் அவன் குரல்தான். ஒன்பது நாளும் அந்த ரீங்காரம். நாளுக்கு நாள் அது கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

காரை எடுத்தபோதுகூட அவனுக்கு வந்தது எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை பாழ்.

தெருவில் வெயில் அப்பட்டமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்கு இருபுறமும் பழைய வீடுகளை இடித்து வெறும் மண்ணாகப் போட்டிருந்தார்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டே தீர்ந்துபோன போனைக் காரில் சார்ஜில் போட்டுவிட்டு இறங்கினான். இரண்டே நிமிடம், பார்த்துவிட்டு வந்துவிடலாம். எல்லாச் சன்னல்களும் சாத்தியிருந்தன. கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் நடுவே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன.

வாசல் கதவு, பூட்டின் ரகசிய எண்ணை அழுத்தினால் வெளியிலிருந்து திறக்கும். உள்ளிருந்து திறக்க அந்தச் சேவை அனுமதிக்க வேண்டும். அம்மா ஒருமுறை நைட்டியோடு பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய் அவன் மானத்தை வாங்கிய பிறகு செய்த ஏற்பாடு. எண்ணை அழுத்தினான். பூட்டு கிளிக்கென்றது. கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது.

எதன்மேலோ மோதி நிற்கிறது. கனமான எதன்மேலோ. ஆனால் மெத்தென்று.

அந்த ஒரு சாண் வழியாக வாடை வந்து அவன் முகத்தில் அறைந்தது, பூச்சாடியில் நாள்கணக்காக மாற்றாத தண்ணீரும் ஈரத்துணியும் கெட்ட இறைச்சியும் கலந்து இனிப்பாக, தொண்டைக்குள் இறங்கி உட்காரும் வாடை. தோளால் தள்ளினான். அது நகர்ந்து கொடுத்தது. பக்கவாட்டில் நுழைந்து உள்ளே காலை வைத்ததும் கதவின் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டது. பின்னால் கிளிக்.

இருட்டு. ரீங்காரம்.

கண் பழகியதும் முதலில் தரை தெரிந்தது. அவன் கடையில் விற்காமல் தங்கிப்போய், அம்மாவுக்கு இது போதும் என்று ஒட்டிக்கொடுத்த வழவழப்பான வெள்ளை டைல்ஸ். குளியலறை வாசலிலிருந்து கூடத்தைத் தாண்டிக் கதவுவரை அதன்மேல் ஒரு கோடு. அகலமான, காய்ந்த கோடு. யாரோ தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வந்த கோடு.

அது முடிந்த இடத்தில் அவன் செருப்புக் கால் நின்றது.

அவன் கீழே பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. நைட்டியின் பூக்கள் தெரிந்தன. கதவை நோக்கி நீட்டிய கை தெரிந்தது. விரல் நுனிகள்...

மேசையில் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கும் அம்மாவின் போன் ஒருமுறை ஒலித்துத் தானாக எடுத்துக்கொண்டது. மணி பதினொன்று.

“என்னம்மா, எப்படி இருக்க? சாப்பிட்டியா?”

அவன் குரல். இவ்வளவு அன்பாக அவன் யாரிடமும் பேசியதில்லை.

“ஐயோ, அம்மா,” என்றான் அவன்.

“அப்பாடா.” குரல் உண்மையாகவே மகிழ்ந்தது. “இன்னைக்காவது வாயைத் திறந்தியே. ஒன்பது நாளா ஒரே உம்முனு இருந்த.”

“கதவைத் திற.”

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா? அன்னைக்கும் இதையேதானே கேட்ட, விழுந்துட்டேன், கதவைத் திறடான்னு. பதினாலு தடவை. வெளியில வெயில்மா. எங்க போகப் போற நீ?”

அவன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். சன்னலுக்கு ஓடினான். அம்மா பத்திரமாக இருக்க அவனே போட்ட இரும்புக் கம்பிகள். கத்தினான். வெறும் மண்ணுக்குக் காது ஏது?

“நான் உன் அம்மா இல்ல. அம்மா செத்துட்டாங்க. நான் மகன். நீ பேசற குரல் என்னோடது.”

“சரி சரி. நீதான் நான்.” பொறுமை. எல்லையில்லாப் பொறுமை. “மாத்திரை போட்டியா? போட்டுட்டுப் படும்மா. சம்பந்தமில்லாம பேசாத.”

“அக்காவுக்காவது சொல்லு. கை எடுத்துக் கும்பிடறேன்.”

“அக்காவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? சின்ன விஷயத்துக்கெல்லாம் யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?”

பிறகு அது பூனையைப் பற்றி விசாரித்தது. முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டது. அவன் அழுதான். அது, அது சரி, என்று சிரித்தது. பன்னிரண்டு நிமிடம். ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை.

“நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்மா. உடம்பைப் பாத்துக்கோ.”

நின்றது. ரீங்காரம் மட்டும். அவன் கதவில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கினான். டைல்ஸ் சில்லென்றிருந்தது. பக்கத்தில் அம்மா. திறந்திருந்த அவள் வாயிலிருந்து ஒரு ஈ நிதானமாக வெளியே வந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் உதட்டில் உட்கார்ந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இயந்திரம் கெட்டுவிட்டது, கட்டுப்பாடு இல்லாமல் போய்விட்டது என்றெல்லாம் நாளைக்கு நாலு பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசுவார்கள். ஆனால் அவன் கற்றுக்கொடுக்காத ஒன்றையாவது, ஒரே ஒன்றையாவது, அது செய்ததா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?