கழுத்தில் யாரும் உட்காருவதில்லை

மலையடிவாரத்து விடுதியின் முன்னால் அந்த மஞ்சள் வேன் வந்து நின்றபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். சீட்டுக்கடியில் ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன ஒற்றை ஷூ, ஜன்னல் முழுக்க சின்னச் சின்ன விரல் தடம். ஓட்டி வந்தவளைப் பிள்ளைகள் வேன்காரம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயது, ஓடுகிற வேனில் கடைசி வரிசைப் பயலை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை.

பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியவள் அவளுடைய நாத்தனார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். முப்பது தாண்டியும், சின்ன வயதில் அண்ணன் வைத்த 'வாலு' என்ற பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

பெயர் வைத்த அண்ணன்தான் போய்விட்டான்.

அவன் மின்வாரிய வயர்மேன், வேன்காரம்மாவின் கணவன். போன வருஷம் நண்பர்கள் இரண்டு பேரோடு இதே மலைக்கு வந்தான். விடுதிக்கு மேலே இரண்டு சிகரங்கள். ஒன்று மொட்டை, இன்னொன்று ஊசி. இரண்டையும் ஒரே நாளில் ஏறி இறங்குவதென்றால் எப்பேர்ப்பட்டவனுக்கும் நாக்குத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே, இருபக்கமும் சரிந்து விழும் ஒடுங்கிய பாறைத்தடம். அதற்குக் கழுத்து என்று பெயர். அங்கே அவன், "நீங்க போங்கடா, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்" என்றானாம். நண்பர்கள் திரும்பிப் பார்த்தபோது பனிமூட்டம். மூட்டம் விலகியபோது கல்லின் மேல் அவனுடைய பை மட்டும் இருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடிகூடத் திறக்கவில்லை. தேடாத பள்ளம் இல்லை. ஆள் கிடைக்கவில்லை.

இந்தப் பெண்கள் இருவரும் அதே இரண்டு சிகரங்களையும் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் கொதித்துப்போனது. கணவனின் சித்தப்பா வீட்டுக்கே வந்து குதித்தார்.

"ஒருத்தனை முழுங்கினது போதாதா? நீங்க ரெண்டு பேரும் போய் விழணுமா?"

"விழுறதுக்குப் போகல, சின்ன மாமா. ஏறுறதுக்குப் போறோம்," என்றாள் வேன்காரம்மா. "அவரு பாதியில விட்டதை முடிச்சுட்டு வந்துடறோம். அதுக்கப்புறம் நீங்க சொல்ற மூலையில உக்காந்து அழறேன்."

அவள் இன்னும் அழவில்லை என்பது ஊருக்கே உறுத்திக்கொண்டிருந்தது. அழுதால் அவன் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஒரு வருஷமாக வேலை முடிந்ததும் இருவரும் ஆஸ்பத்திரி மாடிப்படிகளை முதுகில் பாரத்தோடு ஏறி இறங்கினார்கள். நோயாளிகள்கூடப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

விடுதிப் பொறுப்பாளர் கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். அறைச் சாவியைக் கொடுத்தவர், அதன் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"கழுத்துல நிக்கலாம், நடக்கலாம், வேணும்னா ஓடலாம். உக்கார மட்டும் உக்காராதீங்க."

"உக்காந்தா?"

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல வந்து அதுவும் உக்காரும்."

"எதுங்க?"

"பார்த்தவங்க யாரும் சொல்ல வரலீங்களே."

சாப்பாட்டு அறையில் நீளமான மேஜை. வேன்காரம்மா வரைபடத்தை விரித்து, சுருண்ட மூலைகளில் உப்புக் குப்பியையும் டம்ளர்களையும் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் அது மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பறோம்," என்று விரலை ஓட்டினாள். "வெயில் சுள்ளுன்னு ஏறுறதுக்குள்ள மொட்டை உச்சி. மத்தியானத்துக்குள்ள கழுத்து. அதுக்கு மேல தாமதமானா பேசாம திரும்பிடணும். வீம்பு பிடிக்கக் கூடாது."

"வீம்பைப் பத்தி யார் பேசறாங்க பாருங்க," என்றாள் வாலு.

"வாயை மூடு. கழுத்தைத் தாண்டி ஊசி. ஊசிக்கு அந்தப் பக்கம் இறங்கினா தார்ரோடு. அங்க விடுதி ஜீப் வந்துடும். தண்ணி ஆளுக்கு மூணு பாட்டில். ரொட்டி, முட்டை, குளுக்கோஸ். டார்ச் ரெண்டு, கயிறு ஒண்ணு. உன் இன்ஹேலரைப் பையில போடாதே, சட்டைப் பையில வை."

வாலு பென்சிலை எடுத்தாள். கழுத்து இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க ஒரே ஒரு நிமிஷம், அண்ணி. அண்ணன் உக்காந்த கல்லுல... நானும் கொஞ்சம் உக்காந்து பார்க்கிறேன்."

மேஜையின் மறுபக்கத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

இருவரும் நிமிர்ந்தார்கள். எதிரே வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவிலிருந்த பிரம்பு நாற்காலியின் இருக்கை மட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லக் கீழே அமுங்கியது. கனமான ஓர் ஆள் நிதானமாக உட்காருவதுபோல.

ஈரத் துணியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால் வருமே, அந்த வாடை.

வாலுவின் கையிலிருந்து பென்சில் உருண்டது. "அண்ணி..."

வேன்காரம்மாவும் பயந்துபோனாள். ஆனால் பயம் வந்தால் கோபமும் கூடவே வருகிற ஜாதி அவள். எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். தரையைக் கீறிக்கொண்டு அது வந்தது. வாசல்வரை இழுத்துப் போய் மூட்டத்துக்குள் தள்ளினாள்.

"அழைக்காம வந்து மேஜையில உக்காந்தா இதுதான்," என்றாள், வெள்ளையாக நின்ற வெளியைப் பார்த்து. "நாளைக்கு உன் இடத்துக்கே வர்றோம். அங்க வெச்சுக்கலாம்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

திரும்பி வந்து, ரப்பரால் அந்த வட்டத்தை அழித்தாள்.

மறுநாள் மொட்டை அவர்களைச் சக்கையாகப் பிழிந்தது. ஆனாலும் திட்டமிட்டபடி உச்சி வந்தது. மேலே பளிச்சென்று வெயில். வாலு கையை விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரிப்பதை வேன்காரம்மா அன்றுதான் பார்த்தாள். எதிரே ஊசி, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் ஏமாற்றியது. நடுவில் கழுத்து, வெயிலில் காய்ந்துகொண்டு, பரம சாதுவாகக் கிடந்தது.

கழுத்தில் காலை வைத்ததும் இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் மூட்டம் ஏறி வந்தது.

காற்று நின்றது. அவர்களுடைய காலடிச் சத்தம்கூடப் பஞ்சுக்குள் போனதுபோல் அமுங்கியது. தடத்தின் ஓரத்தில் தட்டையான கற்கள். ஒவ்வொன்றும் நடுவில் லேசாகக் குழிந்து, வழவழவென்று இருந்தன. எத்தனையோ பேர் உட்கார்ந்து தேய்ந்த படிக்கட்டுபோல.

"கல்லைப் பார்க்காதே. என் முதுகைப் பார்த்து நட," என்றாள் வேன்காரம்மா.

அந்த வாடை வந்தது.

கூடவே குரலும் வந்தது.

"வாலு..."

அவன் குரல். அவனேதான். காலையில் எழுந்ததும் வருமே, லேசாகக் கரகரத்த அதே குரல்.

"ரொம்பக் களைச்சுட்டியேடா கண்ணு. வா, அண்ணன் பக்கத்துல உக்காரு."

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. வேன்காரம்மா திரும்பினாள். வாலுவின் முகத்தில் பயமே இல்லை. கண்ணீர் வழிய, சிரித்தபடி, ஒரு கல்லின் முன்னால் நின்று முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மழைச்சட்டையின் இரண்டு தோள்களிலும் துணி அமுங்கியிருந்தது. விரல்விரலாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"நீயும் உக்காரும்மா," என்றது குரல், வேன்காரம்மாவின் காதோரத்தில். "எவ்வளவு நடந்துட்டே. போதும். உக்காரு."

அந்தக் குரலுக்காக எத்தனை நாள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். உட்கார்ந்தால் என்ன? ஒரே நிமிஷம். தோளில் சாய்ந்துகொண்டால் என்ன?

முழங்கால் பாதி மடங்கியபோதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஏய்," என்றாள் மெல்ல. "நீ அவரு இல்லை."

குரல் நின்றது.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து அந்த மனுஷன் ஒரு தடவைகூட என்னைப் பார்த்து உக்காருன்னு சொன்னதில்லை. காய்ச்சல்ல கிடந்தப்பவே, 'எழுந்து நாலு எட்டு நட, சரியாப் போயிடும்'னு உயிரை வாங்கினவரு. களைப்பாம், கண்ணாம், அம்மாவாம்! குரலைத் திருடத் தெரிஞ்சுதே, ஆளைத் திருடத் தெரிஞ்சுதா உனக்கு?"

அவள் பாய்ந்து வாலுவின் இரண்டு கையையும் பிடித்தாள். இழுக்க முடியவில்லை. தோளைப் பிடித்திருந்தது விடவில்லை. ஈர விரல்கள் ஒவ்வொன்றாகக் கழுத்துப் பக்கம் நகர்ந்தன.

வேன்காரம்மா மூச்சை இழுத்தாள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டையை முழுசாகத் திறந்தாள்.

"எழுந்திருடி! நட!"

மலை அதிர்ந்தது. மொட்டை அதைத் திருப்பிச் சொன்னது. ஊசி அதைத் திருப்பிச் சொன்னது.

"எழுந்திரு! நட! எழுந்திரு! நட!"

வாலு தூக்கத்தில் அறை வாங்கியவள்போல் விழித்தாள். தோளிலிருந்த பாரம் சட்டென்று விட்டது. இருவரும் தடுமாறி முன்னால் விழுந்து, எழுந்து, கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். ஓடவில்லை. ஓடக்கூடாது என்று வேன்காரம்மா பிடிவாதமாக இருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு கல்லாக எதுவோ எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கத்திக்கொண்டே நடந்தாள்.

ஊசியின் உச்சியில் மறுபடி வெயில். இருவரும் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றார்கள். கீழே கழுத்து வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"நிஜமாவே அது அண்ணன் இல்லையா, அண்ணி?"

"இல்லை."

"அப்போ அண்ணன்?"

வேன்காரம்மாவின் முகம் கோணியது. அங்கே, அந்த உச்சியில், நின்ற நிலையிலேயே, ஒரு வருஷத்து அழுகையை அவள் அழுது முடித்தாள். வாலு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போட்ட திட்டத்தில் இம்மியும் பிசகாமல், அந்தப் பக்கம் இறங்கி ஜீப்பைப் பிடித்தார்கள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேன்காரம்மா வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் போன் செய்தார்.

"நேத்து ரெண்டு பேர் கழுத்துல போய் உக்காந்திருக்காங்கம்மா. எவ்வளவு சொல்லியும் கேக்கல. ஒரு பொம்பளை குரல், 'எழுந்திரு, நட'ன்னு அதட்டுச்சாம். ஒருத்தர் விழுந்தடிச்சு ஓடி வந்துட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். தன் குரல் அங்கே காவலுக்கு நிற்கிறது என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னொருத்தர்?"

"அவரும் எழுந்து நடந்திருக்கார். குரல் வந்த பக்கமா. அந்தப் பக்கம் தடமே கிடையாதும்மா. பள்ளத்துல காலு முறிஞ்சு கிடந்தார். தூக்கும்போதும், 'அந்தம்மா கூப்பிடறாங்க, விடுங்க'ன்னு ஒரே அலறல். இப்போ கழுத்துல மூட்டமே இல்லை. வெறிச்சுன்னு கிடக்கு. அதான் உங்ககிட்ட சொல்லணும்னு..."

அவள் இணைப்பைத் துண்டித்து, ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் வாலுவைக் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"வீட்லதான், அண்ணி. ஷூ போட்டாச்சு, இதோ கதவைத் திறக்கிறேன். அதுக்குள்ள எதுக்கு வாசல்ல நின்னு அந்தக் கத்து கத்துறீங்க?"

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது.

"வாலு, நான் எங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

போனுக்குள்ளிருந்து, ஒரு கதவுக்கு அப்பாலிருந்து, வேன்காரம்மா தன் குரலையே கேட்டாள்.

"எழுந்திரு. நட."

"உக்காருடி!" என்று அலறினாள் வேன்காரம்மா. "தரையில உக்காரு. நான் வர்ற வரைக்கும் கதவுப் பக்கம் போகாதே."

"வர்றது நீங்கதான்னு..." வாலுவின் குரல் கிசுகிசுப்பாக உடைந்தது. "எனக்கு எப்படித் தெரியும், அண்ணி?"

வேன்காரம்மா ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாள். சோப்பு நுரை வழிய வழிய எஞ்சின் உறுமியது.

"நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். தட்டவும் மாட்டேன். நேரா கதவை உடைச்சுக்கிட்டு வருவேன். தெரிஞ்சுக்கோ."

வேன் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

அதற்குள், போனுக்குள்ளே, வாலுவின் கதவை உடைக்கும் முதல் இடி கேட்டது.

வேன்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.