கூப்பிட்ட வீடு

பயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது; மூளை அவசரத்தில் போடும் தப்புக் கணக்குக்கு மனிதர்கள் வைத்த பெயர்தான் அது. இப்படி அறிவித்தவர் நரம்பியல் விஞ்ஞானி டாக்டர் நோயல் ஆசீர்வாதம். அறிவித்த மேடைகள் பல, கைதட்டல்களும் அப்படியே. ராயபுரத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துச் சுவரில் பல்லி இறங்கினால் மட்டும் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, உதவியாளர் சௌமியாவைக் கூப்பிடுவார். அது பயமல்ல, அருவருப்பு என்று விளக்கமும் தருவார்.

அன்று சாயங்காலம் இருட்டறையின் இரண்டாவது நாற்காலி நனைந்திருந்தது.

ஆராய்ச்சிக்கூடம் என்பது அவருடைய அப்பா மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்த கிடங்குதான். எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரிலிருந்து காரம் போகவில்லை. பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் தும்மிவிட்டுத்தான் பயப்படுவார்கள். கிடங்குக்கு நடுவே ஜன்னலில்லாத ஒரு அறை கட்டி, சத்தம் வெளியே போகாதபடி சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தார். அதுதான் இருட்டறை. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஸ்பீக்கர். விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கு அணையும், ஒரு சத்தம் கேட்கும். இருப்பதா, எழுந்து போவதா என்று அவரவர் முடிவெடுக்க வேண்டும். விரலில் எவ்வளவு வியர்க்கிறது என்பதை லேப்டாப் கோடாக வரைந்து காட்டும். சில நாள் ஜோடியாகவும் உட்கார வைப்பார், அதற்குத்தான் இரண்டாவது நாற்காலியும் இரண்டாவது கிளிப்பும்.

அறையின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. பயந்து எழுந்தவர்கள் அதை வெளியே தள்ளு தள்ளென்று தள்ளுவார்கள். ‘உள்பக்கம் இழுக்கவும்’ என்று கைப்பிடிக்கு மேலே ஒட்டிய தாளை வெளிச்சத்தில் பார்த்திருந்தும் அது நினைவுக்கே வராது. இருட்டிலும் தெரியும் கேமராவில் எடுத்த அந்த வீடியோவை டாக்டர் மாநாட்டில் போட்டுக் காட்டினார். பயந்தவன் தள்ளுவான், சிந்திப்பவன் இழுப்பான் என்றார். அரங்கம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நாற்காலி ஈரத்துக்கு ஏசி காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். கிளம்பத் தயாராகப் பையைத் தோளில் மாட்டியிருந்த சௌமியா, அந்த அறையில் ஏசியே கிடையாது என்று நினைவுபடுத்தினாள். அப்படியானால் கூரை ஒழுகுகிறது என்றார். கூரை நேர்மேலே உலர்ந்து கிடந்தது. அவள் நாற்காலியைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

“இது மழைத் தண்ணி இல்ல சார். கடல் தண்ணி. நீங்க உள்ள தனியா குந்தாதீங்க.”

மழை வலுத்தால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லிப் போய்விட்டாள். அவள் போனதும் கிடங்கு பெரிதாகிவிட்டது. தகரக் கூரையில் மழை பொரிவதும், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பள்ளத்தில் இறங்கி ஏறுவதும், மூலையில் குளிர்சாதனப்பெட்டி விக்கி விக்கி நிற்பதும் தவிர வேறு சத்தமில்லை. இந்த நேரத்தில் டாக்டர் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. ஒலிப்பதிவின் தரத்தைச் சரிபார்ப்பதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, அந்தக் குரலைப் போட்டுக் கேட்பார்.

“தேசப்பா... வூட்டுக்கு வா... தேசப்பா...”

போன வருடம் திருவொற்றியூர்ப் பக்கத்து மீனவக் குப்பமொன்றிலிருந்து போன படகு திரும்பவில்லை. அதில் போன தேசப்பனின் மனைவி குப்பம்மா அழைத்த குரல் அது. அந்தக் குப்பத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. கடல் அவனைத் திருப்பித் தராதபோது மட்டும், விளக்கேற்றும் வேளையில், மனைவி அலையில் இறங்கி நின்று அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிடுவாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், கூப்பிட்டபடியே வீடுவரை நடந்து, கதவைத் திறந்து வைப்பாள். அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்குப் பிறகு அந்தப் பேரை அங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை. கவிழ்த்துப் போட்ட படகொன்றின் பின்னால் ஒளிந்து நின்று செல்போனில் பதிவு செய்த டாக்டர், கலப்படமில்லாத மனிதத் துயரம் என்று அதற்குத் தலைப்பு வைத்தார். இருட்டறையில் எல்லாருக்கும் அதைத்தான் போட்டார்.

முடிவுகள் விநோதமாக வந்தன. குரல் கேட்கும்போது யாருக்கும் வியர்க்கவில்லை. குரல் நின்ற பிறகு, அந்த அமைதியில்தான் கோடு ஏறியது. எல்லாரும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. எதிர்பார்ப்புப் பதற்றம் என்று அதற்கொரு பெயரைச் சூட்டிவிட்டு டாக்டர் நிம்மதியடைந்தார்.

ஆனால் பரிசோதனை இல்லாத நாளிலும் அதைப் போட்டுக் கேட்பானேன்? அதற்கு அவர் பெயர் சூட்டவில்லை. ஜூடி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபிறகு அவரை நோயல் என்று கூப்பிட ஆளில்லை. ஊருக்கெல்லாம் டாக்டர், சௌமியாவுக்கு சார். யாரோ ஒருத்தி யாரோ ஒருவனை வீட்டுக்கு வா என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டியைத் தின்று முடிப்பார்.

போன வாரம் குப்பம்மாவே வந்திருந்தாள். பரிசோதனைக்கு வந்து போன பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்ததாம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நான் கூப்டது என் வூட்டுக்கு. நீ இன்னாத்துக்கு உன் வூட்டுக்குக் கூப்டுகினு கீற?”

இது வெறும் சத்தம்தான் என்று டாக்டர் விளக்கினார். பிளாஸ்டிக் மூளையை எடுத்து அவள் கையில் கொடுத்து, பயம் குடியிருக்கும் இடத்தைக் காட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது உன்னுதா?” என்றாள்.

இல்லை, மாதிரி என்றார். மேசைமேல் வைத்துவிட்டு இருட்டறைக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். போகும்போது குரல் இறங்கியிருந்தது.

“ஒரு வருசமா கதவத் தொறந்து வெச்சிகினு குந்தினு கீறேன் நைனா. இங்க வந்தாருன்னா அனுப்பி வுடு. வூட்டுக்குப் போன்னு சொல்லு. நல்ல மனுசன், சொன்னா கேப்பாரு.”

அடுத்த மாநாட்டில் டாக்டர் இந்தக் கதையையும் சொல்வதாக இருந்தார். கூடவே தன்னுடைய வியர்வைக் கோட்டையும் காட்ட வேண்டும். பயமில்லாத மூளை எப்படியிருக்கும் என்று உலகம் பார்க்கட்டும். அதற்காகத்தான் இன்று தானே உட்காருவது என்று முடிவு செய்திருந்தார். ஈர நாற்காலிக்காக மாநாடு காத்திருக்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முதல் நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்பை மாட்டினார். லேப்டாப்பைத் தட்டியதும் விளக்கு அணைந்தது.

“தேசப்பா... வூட்டுக்கு வா...”

கோடு தரையோடு தரையாக ஓடியது. டாக்டர் புன்னகைத்தார். குரல் கூப்பிட்டுக்கொண்டே நடந்தது, மணல் அரைபட்டது, எங்கோ ஒரு நாய் குரைத்து அடங்கியது. பிறகு பதிவு முடிந்தது.

அமைதி.

மிளகாய்க் காரம் மெல்ல விலகி, அந்த இடத்தில் வேறொரு வாசனை வந்து நின்றது. நனைந்த வலை, டீசல், நாள்பட்ட உப்பு. பஞ்சுச் சுவருக்குள் மழைச் சத்தம் வரக் கூடாது. ஆனால் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. அவருக்கு இடப்பக்கம், நாற்காலி உயரத்திலிருந்து.

கூரை, என்று நினைத்துக்கொண்டார். கூரைதான்.

நாற்காலி மரம் கிரீச்சிட்டது, யாரோ அலுத்துப்போய் உட்கார்வதுபோல.

லேப்டாப் திரையில் சின்னதாக ஒரு வரி ஒளிர்ந்தது. ‘இரண்டாவது கிளிப் இணைக்கப்பட்டது.’ முதல் கோட்டுக்குக் கீழே இரண்டாவது கோடு கிளம்பியது. நேராக. ஒரு நடுக்கமில்லை, ஒரு துடிப்பில்லை. உலகத்துக்குக் காட்ட அவர் ஆசைப்பட்ட கோடு.

முதல் கோடு திரையின் உச்சியைத் தொட்டு, அதற்குமேல் இடமில்லாமல் நின்றது.

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. திரை வெளிச்சத்தில் மேசை விளிம்பு வரைக்கும்தான் தெரிந்தது. அங்கே ஒரு கை இருந்தது. ஊறி வெளுத்த கை. விரல் நுனியில் ஒழுங்காக மாட்டிய கிளிப். இத்தனை நாளும், ஒவ்வொருவர் எழுந்து ஓடிய பிறகும், இது இங்கேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்ததா?

குப்பம்மா சொல்லச் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் வாயில் ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாக்கியம்தான் தானாக வந்தது.

“சோதனை முடிந்தது. நீங்கள் போகலாம்.”

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

நல்ல மனுசன். சொன்னதைக் கேட்டுவிட்டான்.

அது எழுந்துகொண்டது. டாக்டர் கிளிப்பைப் பிய்த்தெறிந்து பாய்ந்தார். மேசை கவிழ்ந்தது. திரை அணைந்தது. முழங்கால் இடித்தது. கதவு. கையால் தடவினார், கதவுதான். தோளைக் கொடுத்தார். அசையவில்லை. பின்னால் ஈரக் கால் ஒன்று. இன்னொன்று. அவசரமில்லாமல். முழு உடம்பையும் கொடுத்தார். சௌமியா என்று கத்தினார். பஞ்சு அதை விழுங்கியது.

கழுத்தில் குளிர் படிந்தது. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, அவரைத் தொடாமல், கைப்பிடியைப் பற்றியது. கடல் தண்ணீர் அவர் சட்டைக்குள் இறங்கியது. அது கதவைத் திறக்கப் பார்த்தது. வீட்டுக்குப் போகப் பார்த்தது. மெதுவாக, பொறுமையாக, தன் பக்கம் இழுத்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளினார். அது விடவில்லை. அவரும் விடவில்லை.

கதவு உள்பக்கமாகத் திறப்பது. அந்தத் தாளை ஒட்டியவர் அவர்தான்.