சாக்குக்கடையில் ஒரு ஜெர்மன்காரர்

சாக்கு வியாபாரி அரங்கநாதன் செஞ்சிக் கடைத்தெருவில் உயிரோடுதான் இருந்தார். அதில் சந்தேகம் வந்தது அவர் ஒருவருக்குத்தான். அதைத் தீர்த்துக்கொள்ள, ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டம்மா மனோரமாவின் வீட்டுக்கு வந்திருந்தார்.

“மேல்மலையனூர்ல மொட்டை போட்டு வந்ததிலிருந்து ஒருத்தரும் முகம் குடுக்கலைம்மா. எதிர்க்கடை பூபதி பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். தெருவுல பத்திரிகை வைக்காதது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நாய், இன்னொண்ணு நான். இன்னா தப்பு பண்ணேன்?”

அரங்கநாதன் புதுச்சேரியிலிருந்து இங்கே குடிவந்து ஒரு வருஷம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச்சுத்துணை பூபதி மட்டுமே. அந்த வாசலும் அடைத்துக்கொண்டால், மிச்சம் சாக்குகள்தான்.

“செய்வினை!” என்றார் மனோரமாவின் கணவர் விநாயகம், சட்டையை மாட்டிக்கொண்டே.

“மொதல்ல பட்டனை ஒழுங்கா போடுங்க,” என்றார் மனோரமா.

மூவரும் கடைக்குப் போனார்கள். அங்கே சாக்கு அடுக்குகளுக்கு மேலே தாடிக்கார வெள்ளையர் ஒருவரின் படம். கழுத்தில் சம்பங்கி மாலை, கீழே அகல்விளக்கு.

“யாருண்ணே இவரு?” என்றார் மனோரமா.

“ஜெர்மன்காரரு, பேரு லூடோல்ஃப். பாண்டில பழைய சாமான் விக்கிறவன் கதையோட சேத்துக் குடுத்தான். அந்தக் காலத்துல நம்மளாட்டம் சாக்கு வியாபாரம். அப்பறம் நகரசபை மெம்பர். தெருவுக்கெல்லாம் வெளக்கு போட்டாரு. பொண்டாட்டி புள்ள கெடையாது. செத்தப்ப ஒரு கடைகூட மூடலியாம். மனசு கேக்கலை. மொட்டை போட்ட மறுநாள் மாலை வாங்கிப் போட்டேன்.”

அப்போது ஒரு விவசாயி வந்து சாக்கு வாங்கினார். தலையைக் குனிந்தபடியே இருந்தவர், ‘வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் நடையைக் கட்டினார்.

“செய்வினையேதான்! பின்னாடி போவட்டா?” என்றார் விநாயகம்.

“போங்க. போய்ப் பூபதியைக் கூட்டிட்டு வாங்க.”

பூபதி வந்தார். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

“மொட்டை போடப் போறதை யாருகிட்டண்ணே சொன்னீங்க?” என்று கேட்டார் மனோரமா.

“யாருகிட்டம்மா சொல்றது?”

“அதான் விஷயம். சொல்லிக்காம கெளம்புறது எந்த வீட்டுல? கல்யாணக்காரர் எந்த வாசப்படி ஏற மாட்டாரு? மொட்டைத்தலை, மாலை போட்ட படம், எரியற வெளக்கு. உங்க மேல யாருக்கும் கோவம் இல்லண்ணே. கடைத்தெருவே உங்களுக்காக துக்கம் காக்குது. விட்டா ஒரு வருஷம் காக்கும்.”

“ஆமாண்ணே,” என்றார் பூபதி. “உங்க நைனா போய்ட்டாரு, கருமாதி பாண்டியிலேயே முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சோம்.”

“எங்க நைனா போயி இருபது வருஷம் ஆவுதுப்பா!”

பூபதி படத்தை அண்ணாந்து பார்த்தார். “நைனா ரொம்ப செவப்பா இருக்காரேன்னு வீட்டுக்காரி சொல்லத்தான் சொன்னா. பாண்டிக்காரங்க அப்டித்தான் இருப்பாங்கன்னு நாந்தான் அடக்கினேன்.”

மஞ்சள் தடவிய பத்திரிகை அடுத்த நிமிஷமே வந்தது. ஆனால் மாலை இறங்க வேண்டும் என்றார் பூபதி. அரங்கநாதன் ஸ்டூலில் ஏறி, தூங்குகிறவரை எழுப்பாத பதத்தில் அதைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை முதல் பந்தியிலேயே அவருக்கு இலை விழுந்தது. மத்தியானம் கடையைத் திறந்ததும், என்னென்ன பரிமாறினார்கள் என்று வெறுங்கழுத்தோடு இருந்த லூடோல்ஃபிடம் விவரமாகச் சொன்னார். பாயசம் இரண்டாம் தடவை வந்ததை மட்டும் சொல்லவில்லை. பாவம், மனிதர் ஏங்கிப்போய்விடுவார்.