மணிக்கயிற்றடியில் ரத்தம்

மருந்துக்கடைக்காரர் இக்னாத்திஸ் காலைக் காப்பியை வாயில் வைக்கும்போது, மாதா கோயிலைத் திறந்து மூடும் கோயில்பிள்ளை ஸ்த்ராதிஸ் மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் தேடி வந்தது எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த எவான்தியாவை. துறைமுகக் காவல்துறையில் வெகுகாலம் அதிகாரியாக இருந்து, ஓய்வுபெற்றுத் தீவுக்குத் திரும்பியவர் அந்த அம்மாள்.

மாதா படத்தின் முன்னால் தொங்கிய கண்ணாடி விளக்கு நொறுங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் மாட்டியிருந்த தங்கச் சங்கிலியைக் காணவில்லை என்றார் ஸ்த்ராதிஸ். விடியுமுன் கோயிலைத் திறந்தவர், விளக்கு உடைந்து கிடப்பது தெரிந்ததும் இருட்டிலேயே மணியடித்து ஊரைக் கூட்டினாராம். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் தரையெல்லாம் ரத்த அடி.

"அந்த அல்பேனியன்தான். கூரையில ஓடு மாத்துறானே, அவன். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு நொண்டுறான். வாசல்லயே பிடிச்சு வெச்சிருக்கோம். போலீஸ் படகும் வந்துக்கிட்டிருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் ஜாடித் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டார். ராத்திரி உப்பு மத்தி மீனா என்று இக்னாத்திஸ் கிண்டல் செய்தார். இந்தக் கோடை முழுக்கவே அடங்காத தாகம், பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது, வயசாகிவிட்டது என்று ஸ்த்ராதிஸ் அலுத்துக்கொண்டார்.

கோயிலுக்குள் எவான்தியா குனிந்து ரத்த அடிகளைப் பார்த்தார். கண்ணாடிச் சில்லுகளில் தொடங்கி நேராக மணிக்கயிற்றுக்குப் போய், அங்கிருந்து வாசலுக்குத் திரும்பியிருந்தன. ஒவ்வோர் அடியும் முழுசாக, அழுத்தமாகப் பதிந்திருந்தது. பிறகு வாசலில் பிடித்து வைத்திருந்த அந்த அல்பேனியன் பெஸ்னிக்கைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார். முந்தின நாள் ஆணி குத்திய குதிகாலைத் தரையில் வைக்க முடியாமல், விரல் நுனியில் தத்தித் தத்தி நடந்தான் அவன்.

"வேற யாருக்காவது கால்ல காயம் உண்டா?"

எல்லோரும் இல்லையென்றார்கள். மாதாமேல் ஆணையிட்டு ஸ்த்ராதிஸும் இல்லையென்றார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை என்பது இக்னாத்திஸுக்குத் தெரியும்.

எவான்தியா அண்ணாந்து, துருப்பிடித்து ஒடிந்திருந்த விளக்குக் கொக்கியைப் பார்த்தார். விளக்குக்கு நேர் கீழே மெழுகுவத்தி நடும் மணல்தட்டு இருந்தது. அதைக் கிளறச் சொன்னார். இக்னாத்திஸ் மணலுக்குள் கையை விட்டுத் துழாவியதும் சங்கிலி விரலில் மாட்டியது.

"திருட்டே நடக்கல," என்றார் எவான்தியா. "விளக்கு தானா விழுந்திருக்கு. விழும்போது சங்கிலியையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கு. ரத்தம் யாரோடதுன்னுதான் கேள்வி. திருடன் மணியடிச்சு ஊரைக் கூட்டிட்டா போவான்? கயிறு வரைக்கும் போனது மணியடிச்ச ஒரே ஆள்தான். ஸ்த்ராதிஸ், செருப்பைக் கழட்டுங்க."

"எனக்கு வலியே இல்லையே அம்மா."

"கண்ணாடி குத்தினவன் யாரும் இப்படி அழுத்தி மிதிச்சு நடக்க மாட்டான். வலி தெரியாத காலாலதான் இது முடியும்."

கறுப்புத் துணிச்செருப்பு ரத்தத்தில் ஊறியிருந்தது. நைந்த அடியைத் துளைத்துக்கொண்டு விரல்நீளச் சில்லு பாதத்தில் ஏறியிருந்தது. பெருவிரலடியில் பழைய புண் ஒன்றும் கறுத்துக் கிடந்தது. இக்னாத்திஸ் கடைக்கு ஓடிக் ரத்தம் சோதிக்கும் கருவியை எடுத்துவந்து கிழவரின் விரலில் குத்திப் பார்த்தார். நானூற்றைத் தாண்டிக் காட்டியது.

"சர்க்கரை," என்றார். பல மாதமாக இதே மனிதருக்குப் பாத எரிச்சலுக்குக் களிம்பு விற்றவர் அவர்.

"அது என் தங்கச்சி மகளுக்குத்தானே வந்துச்சு? பத்து வயசுல, ஒரே மாசத்துல இளைச்சுப் போனாளே," என்றார் ஸ்த்ராதிஸ்.

"அது வேற வகை. உடம்புல இன்சுலினே சுரக்காம போயிடும், திடுதிப்புனு படுக்கையில தள்ளிடும். உங்களுக்கு வந்தது வருஷக்கணக்கா சத்தமில்லாம இருந்திருக்கு. இன்சுலின் சுரக்கும், உடம்பு அதைக் கேக்காது. கால் நரம்பைத் தின்னுட்டு இப்ப கண்ணுக்கும் போயிருக்கு. அதான் செருப்புல ரத்தம்கூடத் தெரியல. நகரத்து ஆஸ்பத்திரியில மூணு மாசச் சர்க்கரைச் சராசரியப் பார்த்து உறுதி செய்வாங்க. முதல்ல அந்தக் காலக் காப்பாத்தணும்."

பெஸ்னிக்கைக் கொண்டுபோக வந்த போலீஸ் படகிலேயே ஸ்த்ராதிஸை ஏற்றுவதென்று முடிவாயிற்று. கால் தரையில் படக்கூடாது. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெஸ்னிக் கட்டுப் போட்ட காலோடு அவர் முன்னால் வந்து, முதுகைக் காட்டிக் குந்தினான்.

ஸ்த்ராதிஸ் தயங்கினார்.

"ஏறுங்க பெரியவரே. உங்களையா திருடிக்கிட்டுப் போகப்போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. கிழவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கரைக்குப் போகும் வழியில், என் அப்பாவுக்கு இதே சர்க்கரையால் காலை முழங்கால் வரை எடுத்துவிட்டார்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பெஸ்னிக் சொல்லிக்கொண்டே போனான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த இக்னாத்திஸின் காதில் கிழவரின் குரல் விழுந்தது.

"தம்பி, உன் பேரு என்னப்பா?"