மேற்குக் கிளையின் அகலம்

அளவு நாடா பதினான்கு அடி காட்டியது. நில அளவையாளன் டர்மன் மறுபடியும் பார்த்தான். நூறு தப்படி கீழே இதே ஓடை பதினோரு அடிதான் இருந்தது. ஊற்றை நோக்கி ஏற ஏறத் தண்ணீர் ஒடுங்க வேண்டும். பக்கத்துச் சிற்றோடைகள் வந்து சேர்வதால்தான் எந்த ஆறும் கீழே போகப் போக அகலமாகிறது. இந்த ஓடை ஏறும்போது அகலமாகிக்கொண்டிருந்தது.

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில், அகலமான கிளைக்கே பெயர் போகும். மற்றது வரைபடத்தில் வெறும் கோடு. நடீனின் மகள் லூலா மூழ்கியது இந்த மேற்குக் கிளையில். ஆற்றுக்கு மகளின் பெயரைக் கேட்டு நடீன் மனு போட்டிருந்தாள். கிழக்குக் கிளைப் பண்ணைக்காரர்கள் தங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்டார்கள். போன குளிர்காலத்தில் டர்மன் வண்டியை விட்டு இறங்காமலே, கிழக்கு ஒன்பது அடி, மேற்கு ஆறு அடி என்று எழுதிக் கையெழுத்திட்டான். நடீன் அப்பீல் செய்தாள். இன்று உண்மையை எழுதினால் அவனுடைய உரிமம் போய்விடும்.

"எவ்வளவு சார்?" எதிர்க்கரையில் நாடாவின் நுனியைப் பிடித்திருந்த நடீன் கேட்டாள்.

"அஞ்சரை."

"அஞ்சரை அடியிலயா என் பூட்ஸ் முழுக்கத் தண்ணி? பேசாம இன்னைக்கும் வண்டியிலயே உக்காந்திருக்கலாம் நீங்க."

"மேல இன்னொரு எடம் பாத்துடலாம்மா. சின்ன ஓடைதானே."

"அவளைத் தேடுனப்ப யாருக்கும் இது சின்ன ஓடையாத் தெரியல சார்."

நடீன் இக்கரைக்கு வந்து, வண்டியிலிருந்து டார்ச் எடுத்து வரப் போனாள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. ஓக் சருகு மக்கிய வாடைக்குள் டர்மன் தனியாக மேலே நடந்தான். கூழாங்கல்லில் சலசலத்த தண்ணீர் இங்கே சலசலக்கவில்லை. ஆழமான ஆறுகளுக்கே உரிய கனத்த முனகல் மூடுபனிக்கு அடியில் எங்கிருந்தோ எங்குவரையோ நீண்டது. பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பாமலே நாடாவின் நுனியை நீட்டினான். ஈரக் கை ஒன்று வாங்கிக்கொண்டது.

தண்ணீரில் காலடிகள். பனிக்குள் மறைந்தன. அவன் கையில் நாடாவின் உருளை சுழன்றது.

இருபது அடி.

நாற்பது.

"போதும்மா! நில்லுங்க!"

எழுபது.

முதுகில் டார்ச் வெளிச்சம் விழுந்தது.

"யாரை சார் நிக்கச் சொல்றீங்க?" என்றாள் நடீன், அவனுக்குப் பின்னால்.

நூறு. நாடா அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. எண்ணில்லாத வெறும் நாடா, ஈரமாக, அவன் கையிலிருந்து இன்னும் போய்க்கொண்டிருந்தது.