கண்ணாடியில் இரண்டு பிறைகள்

வெள்ளிக்கிழமை, காலை 6.40. அயனம்பாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ரகுநாதன் வீட்டு வளாகத்துக்குள் கார் செத்துக் கிடந்தது.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். லாவண்யா ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது மரணம்.

"ஞாயித்துக்கெழம ஓட்டிப் பழகறேன்னு ஏரிக்கரைல நாப்பது வாட்டி ஆஃப் பண்ணே, நாப்பது வாட்டி ஸ்டார்ட் பண்ணே. பேட்டரி தாங்குமா?" என்றார் அவள் அப்பா ரகுநாதன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையின் வண்டிச் சோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். "நாளைக்குப் பத்து மணிக்கு திருநின்றவூர்லேர்ந்து ஆள் வருது. வித்துடலாம்."

"திங்கக்கெழம நசரத்பேட்டைல வேலைக்குச் சேரணும்ப்பா. ஆறரைக்கு ஷிஃப்ட்டு. பஸ் மாறிப் போய்ச் சேர முடியாது."

"வண்டியக் கொல்ற கைக்கு வண்டி கெடையாது."

6.55. பக்கத்து வீட்டு ரெனிதா மல்டிமீட்டருடன் வந்தாள். அம்பத்தூரில் மின்கருவிகளைச் சோதிக்கும் பட்டறையில் வேலை. மனிதர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள். நம்புவது மீட்டரை மட்டும்.

பானெட்டைத் திறக்குமுன் காரை ஒரு சுற்று வந்தாள். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும் தெரு. கூரையில், கதவுகளில் செம்புழுதி. முன் கண்ணாடியில் மட்டும் வைப்பர் துடைத்த இரண்டு பிறைகள் பளிச்சென்று இருந்தன. காரின் முகத்துக்கு நேரே மதில்சுவர்.

"அங்கிள், கடைசியா எப்ப ஓடுச்சு?"

"திங்கக்கெழம. பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு நான்தான் எடுத்தேன்."

"உடனே ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு."

"அதுக்கப்புறம் யாராவது எடுத்தீங்களா?"

"இல்ல."

"ஸ்டார்ட்டாவது பண்ணீங்களா?"

"இல்லம்மா. அந்த சத்தத்துக்குத் தெருவே எழுந்துக்கும்."

"சாவி?"

"ஒண்ணுதான் கீது. என் தலகாணிக்கு அடியில."

ரெனிதாவின் கணவன் ஃபெலிக்ஸ் தன் காரைக் கொண்டுவந்து கேபிள் மாட்டினான். எஞ்சின் உயிர்த்தது. கேபிளைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தாள். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட்.

"ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் ஏத்துது. அது நிரபராதி."

எஞ்சினை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு மின்கசிவை அளந்தாள். முப்பது மில்லி ஆம்பியர். கடிகாரமும் கதவுப் பூட்டும் குடிக்கும் அளவுதான். அன்று முழுக்க பேட்டரியைச் சார்ஜரில் போட்டாள். சாயங்காலம் சார்ஜரைக் கழற்றியதும், பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை பானெட் இடுக்கு வழியாக வெளியே தொங்கவிட்டாள்.

"அப்ப நான்தானாக்கா?" என்றாள் லாவண்யா.

"லூசு. நீ ஓட்டினது ஞாயிறு. திங்கக்கெழம வண்டி ஓடியிருக்கு. நீ கொன்ன பொணம் எழுந்து மார்க்கெட்டுக்குப் போச்சா?"

சனிக்கிழமை, காலை 5.05. ஏரியைச் சுற்றி நடக்கக் கிளம்புமுன் ரெனிதா அந்த ஒயர்களில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. இரவு முழுக்க ஒரு சொட்டும் குறையவில்லை.

6.50. திரும்பி வந்து மறுபடி வைத்தாள். பன்னிரண்டு புள்ளி மூன்று.

"ரெண்டு மணி நேரத்துல எவனோ உறிஞ்சிட்டான்," என்றான் ஃபெலிக்ஸ்.

தெருமுனையில் பால் பாக்கெட் போடும் நாகம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நாகம்மாக்கா, ரகுநாதன் சார் ஊட்டாண்ட காலைல ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டாள் ரெனிதா.

"நான் இன்னாத்தப் பார்த்தேன்? பால் போடசொல்ல அந்த செவுரு மட்டும் வெள்ளவெளேர்னு கீது. சூரியன் இன்னும் வரவே இல்ல, அவுரு ஊட்டுக்கு மட்டும் விடிஞ்சிடுச்சி. பென்சன்காரங்க சமாச்சாரமே தனி!"

7.10. ரகுநாதன் வீட்டு வரவேற்பறை. நான்கு காபி டம்ளர்கள். திருநின்றவூர்க்காரர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"அங்கிள், குத்தவாளி இந்த ரூம்லதான் இருக்காரு," என்றாள் ரெனிதா.

லாவண்யா தரையைப் பார்த்தாள்.

"ஓடாத வண்டியில வைப்பர் மட்டும் எப்படி ஓடும்? மேல எல்லாம் புழுதி, கண்ணாடில ரெண்டு பிறை. நேத்தே பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணீங்களான்னுதான் கேட்டேன், எந்நேரம்னு கேக்கல. நீங்களா 'தெருவே எழுந்துக்கும்'னீங்க. தெரு தூங்குற நேரத்துல உங்களுக்கு வண்டில என்ன வேலை?"

ரகுநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். கூச்சப்படாமல் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். தேதி வாரியாகக் கட்டங்கள்: ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், புளோயர். எல்லாவற்றிலும் 'சரி'. தினமும் 5.30.

"இன்ஸ்பெக்‌ஷன்மா. ரிட்டயர் ஆன மறுநாள்லேர்ந்து பண்றேன். எஞ்சின் போடாம, இருபது நிமிஷம். பொண்ணு ஓட்டற வண்டியாச்சே, லைட்டு எரியலன்னா?"

"ஹெட்லைட்டு, புளோயர், வைப்பர்... இருபது நிமிஷம் பேட்டரிய மட்டும் குடிக்குது. நாலு நாள் நின்ன வண்டின்னா லைட்டு எரியும், ஸ்டார்ட் ஆவாது. ஃபேக்டரில எப்படிப் பண்ணுவீங்க?"

"அங்க பக்கத்துல கரண்டு குடுக்கற பவர் தள்ளுவண்டி நிக்கும். அத செருகிட்டுத்தான் எல்லாத்தையும்..."

நிறுத்தினார். நோட்டை மூடி வைத்தார். முப்பத்திரண்டு வருடம் அந்தத் தள்ளுவண்டியை வேறொரு ஆள் தள்ளி வந்து செருகிவிட்டுப் போவான். அவன் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

"நாப்பது வாட்டின்னு சொன்னேன் உன்ன," என்றார் மகளிடம்.

"முப்பத்தெட்டுப்பா. எண்ணிக்கினுதான் இருந்தேன்."

ஃபெலிக்ஸ் சிரித்து காபியைச் சிந்தினான். ரகுநாதன் திருநின்றவூருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை, காலை 5.30. மதில்சுவர் வெளிச்சத்தில் நனைந்தது. இம்முறை ரெனிதாவின் சார்ஜர் ஒயர் வீட்டு ஜன்னல் வழியாக வந்து பேட்டரியைக் கடித்துக்கொண்டிருந்தது. 5.50க்கு ரகுநாதன் அதைத் தன் கையாலேயே கழற்றினார்.

லாவண்யா சாவியைப் போட்டாள். ஒரே திருப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் வாசலைத் தாண்டும்போது ஒருமுறை குலுங்கி ஆஃப் ஆனது, மறுபடி உயிர்த்தது, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பி மறைந்தது.

ரகுநாதன் நோட்டைத் திறந்தார். புளோயருக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். மேலே 'ஓட்டுநர்' என்று எழுதி, கீழே எழுதினார்: சரி.