குண்டுமணிக்கு மூக்கடைப்பு

"நேத்து சாயங்காலம் குழந்தைக்குத் தலைக்கு ஊத்தினது யாரு?"

இளைய மருமகள் சின்னவளின் குரல் சமையலறை வாசலில் வந்து மோதியது. அடுப்பில் பால் பொங்கும் நேரம். பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். யார் ஊற்றியது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிறந்ததிலிருந்து இந்த இரண்டரை மாதமும் குண்டுமணியைக் குளிப்பாட்டுவது பெரியவள்தான். தெரிந்தே கேட்கிறாள் என்றால் அது கேள்வியில்லை, வழக்கு.

"நான்தாம்மா... ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? வந்து பாருங்க! விடியக்காலையில இருந்து மூச்சு விட முடியாம கர்ரு கர்ருங்குது. ரெண்டு வாய் குடிக்குது, விட்டுட்டு அழுவுது. தலைக்கு ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு எங்கம்மா போன்ல தலைபாடா அடிச்சிக்கிட்டாங்க. யாரு கேட்டீங்க!"

பெரியவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

சளி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் அச்சக வேலையிலிருந்து வந்த கொழுந்தன், அதாவது சின்னவளின் புருஷன், கையில் மை கூடக் கழுவாமல் குழந்தையை வாங்கி, மூக்கோடு மூக்கு உரசி, கன்னத்தில் நாலு முத்தம் வைத்து, அடுத்த நொடி வீடே அதிரத் தும்மினான். "தம்பி, இந்த மூக்கோட குழந்தைகிட்டப் போகாதே!" என்று இவள் அதட்ட, அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணி, உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டை ரெண்டாக்கிடுவா..." அவளும் சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டிவிட்டாள். மறுநாளே அவனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. இன்று அவன் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். கொடுத்த வாக்கு மட்டும் இவளோடு வீட்டில் நின்றது.

பிள்ளை பெற்ற களைப்பு, தூக்கமில்லாத கண்கள்... இந்த நிலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டையை மூட்டிவிட வேண்டுமா? பழி நம்மோடு போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

அதற்குள் சின்னவள் அறைக்குள் போய் அலமாரியைக் குடைந்து தைல டப்பாவை எடுத்துவிட்டாள். பெரியவர்கள் தலைவலிக்குத் தடவும் கண்ணெரியும் தைலம். மூடியைத் திறந்ததும் கூடம் வரை நெடி வந்தது. பெரியவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, வேணாம்மா! இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இது ஆகாது. மூச்சே திணறிடும்!"

"விடுங்கக்கா! நெஞ்சுல தடவி மூக்குல துளி வைக்கச் சொல்லி எங்கம்மா சொன்னாங்க."

"மாட்டேன்... கொடுத்துடு."

டப்பா பெரியவள் கைக்கு வந்துவிட்டது. சின்னவள் முகம் சிவந்தது. குழந்தை கட்டிலில் வீறிட்டது.

"சளி பிடிக்க வெச்சதும் நீங்க... மருந்து போட விடாததும் நீங்க! ஒண்ணைப் பெத்திருந்தா உங்களுக்கு என் வயித்தெரிச்சல் தெரியும்!"

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது போல் இருந்தது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கட்டில் ஊறிக்கொண்டிருந்த துணிகளிடம் போய் உட்கார்ந்தாள். குழந்தையின் துணிதான் முக்கால்வாசி. சோப்பு நுரையில் கை தானாகத் தேய்த்தது. கண்ணில் வந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் அவள். மாமியார் பக்கவாதத்தில் படுத்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தாள். மாமியார் கண்ணை மூடும்வரை நாலு வருஷம் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டிவிட்டாள். அந்த வருஷங்களில்தான் வயிற்றில் வந்த ஒன்று மூன்றாம் மாதமே போனது. பிறகு வரவேயில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. 'பெத்திருந்தா'... எவ்வளவு சின்ன வார்த்தை!

உள்ளே குழந்தை அழுதது. பெரியவளின் காது அந்த அழுகையை வரிவரியாகப் படித்தது. இரண்டு உறிஞ்சல், ஒரு திணறல், உடனே கோபமான வீறல். பசி... ஆனால் மூக்கு விட்டால்தானே வாய் வேலை செய்யும்? மறுபடி இரண்டு உறிஞ்சல்... மறுபடி வீறல்... கூடவே சின்னவளின் விசும்பலும் கேட்டது.

பிழிந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தன் அறையிலிருந்து ஒரு சின்ன உப்புநீர்ச் சொட்டு மருந்து பாட்டிலையும் சளி உறிஞ்சும் ரப்பர் குமிழையும் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"என்னை எவ்வளவு வேணாலும் திட்டு. ஆனா அப்புறமாத் திட்டு. இப்போ குழந்தையைக் கொடு."

சின்னவள் கொடுத்தாள்.

பெரியவள் முதலில் மருந்தைத் தொடவில்லை. சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். விலா உள்ளே இழுக்கவில்லை. உதடு நீலமில்லை, நல்ல சிவப்பு. உடம்பு சுடவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினாள்.

"மூக்குல மட்டும்தான் அடைப்பு. நெஞ்சுல ஒண்ணுமில்ல. காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமா இழுத்தாலோ, பால் குடிக்கவே மாட்டேன்னாலோ ஒரு நிமிஷம் கூட வீட்ல உக்காரக் கூடாது, டாக்டர்கிட்ட ஓடணும். புரியுதா?"

குழந்தையை மல்லாக்கக் கிடத்தினாள். ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு சொட்டு. குண்டுமணி முகத்தைச் சுளித்த சுளிப்பில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வேலையை விட்டு நீக்கிவிடுவாள் போலிருந்தது. "ஆமாண்டி கண்ணு, பெரியம்மா மோசம்... ரொம்ப மோசம்..." என்று கொஞ்சியபடியே ஒரு நிமிஷம் பொறுத்தாள். சளி இளகட்டும். பிறகு ரப்பர் குமிழை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியை மட்டும் மூக்கு வாசலில் வைத்து, மெல்ல விரலைத் தளர்த்தினாள். வந்தது! இத்தனூண்டு மூக்குக்குள் அவ்வளவா என்று சின்னவள் வாயைப் பிளந்தாள்.

குண்டுமணி ஒரு தும்மல் போட்டாள். தன் தும்மலுக்குத் தானே திடுக்கிட்டு அழுகையை நிறுத்தினாள்.

"இப்போ கொடு பால். கொஞ்சம் நிமித்திப் பிடிச்சுக் கொடு."

இந்தத் தடவை குழந்தை விடவில்லை. மடக் மடக் என்று குடிக்கும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. சின்னவளின் கண்ணீர் குழந்தையின் தலையில் சொட்டியது. துடைத்துவிட்டவளின் பார்வை கட்டிலில் கிடந்த பாட்டிலில் போய் நின்றது. அதோடு ஒட்டியிருந்த மருந்துக்கடைச் சீட்டில் முந்தாநாள் தேதி.

"முந்தாநாளே வாங்கி வெச்சீங்களா? சளி வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் குமிழை வெந்நீரில் கழுவ எழுந்தாள்.

"அப்போ... தெரிஞ்சேதான் நேத்து தலைக்கு ஊத்தினீங்களா? சொல்லுங்கக்கா! ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"குழந்தை குடிக்குது. சத்தம் போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் பெரியவள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே மூன்று தும்மல். மூக்கு பழுத்த மிளகாய் போல இருந்தது.

"வாங்க... உங்க அண்ணி பண்ணின வேலையைக் கேளுங்க. குழந்தைக்குச் சளி வரும்னு தெரிஞ்சு மருந்தை வாங்கி வெச்சுக்கிட்டு, நேத்து தலைக்கும் ஊத்தியிருக்காங்க! கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க!"

சாப்பாடு வைத்துக்கொண்டிருந்த பெரியவள் அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். பேசாதே என்று அர்த்தம். அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். காலையிலிருந்து அழுத கண்கள். இழுத்த நாற்காலியை அப்படியே விட்டான்.

"அண்ணி வாயைத் திறக்க மாட்டாங்க. நான்தான் மூடி வெச்சேன்."

"என்ன உளர்றீங்க?"

"சளி என்னோடதுடி. மூணு நாளைக்கு முன்னாடி தும்மிக்கிட்டே வந்து குழந்தைக்கு முத்தம் குடுத்தது நான். அண்ணி திட்டினாங்க. உன்கிட்டச் சொல்ல வேணாம்னு கெஞ்சினதும் நான்தான். அதான் அவங்க மருந்தைக்கூட முன்னாடியே வாங்கி வெச்சிருக்காங்க. குளிச்சதால இல்ல... இந்தப் பாழாப்போன மூக்காலதான்!"

காலையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து சின்னவளையே அறைந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்த ஒரு வார்த்தை வந்தது.

"அக்கா..." என்றாள். "சொல்லியிருக்கலாமே அக்கா! நான் அப்படிப் பேசினப்போ... ஒரு அறை விட்டுச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ இவனைத் திட்டியிருப்பே. பச்சை உடம்பு... பாலும் இறங்காம அழுதுக்கிட்டு இருந்திருப்பே."

"நான் சொன்னது..."

"வலிச்சுது." பெரியவள் கரண்டியை வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "வலிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். இனிமே அந்த வார்த்தையை என்கிட்டச் சொல்லாதே. கோபத்துல கூடச் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன் அக்கா... சத்தியமா சொல்ல மாட்டேன்!"

ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பெரியவளின் கைகள் முதலில் சும்மா தொங்கின. பிறகு மெல்ல உயர்ந்து அந்த முதுகைத் தடவின.

"போதும், போதும்... அழுது உனக்கும் மூக்கடைச்சுக்கப் போகுது. அந்தச் சின்னக் குமிழ் உன் மூக்குக்கெல்லாம் பத்தாது."

அழுகைக்கு நடுவே சின்னவள் சிரித்துவிட்டாள். கொழுந்தனும் சிரித்தான். சிரித்த கையோடு தும்மினான். இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்: "அந்தப் பக்கம்!" சளி போகும்வரை அவன் படுக்கை முன்னறையில் என்றும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தை பக்கம் தலைகாட்டக் கூடாதென்றும் தீர்ப்பாயிற்று.

சாயங்காலம் இன்னொரு தடவை சொட்டு மருந்து விட்டுப் பால் கொடுத்தபின், சின்னவளே குழந்தையை நீட்டினாள். "நீங்க வெச்சுக்குங்க அக்கா. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்." உட்கார்ந்தவள் ஐந்து நிமிஷத்தில் சாய்ந்தாள். சாய்ந்தவள் பெரியவளின் மடியில் தலையை வைத்துத் தூங்கியே போனாள்.

ஆறரை மணிக்குப் பேருந்தை டிப்போவில் நிறுத்திவிட்டு வந்த பெரியவளின் கணவர், பணிப்பையை ஆணியில் மாட்டியபடி குரல் கொடுத்தார். "ஒரு வாய் டீ கிடைக்குமா?"

பெரியவள் விரலை உதட்டில் வைத்தாள். "ஷ்... தூங்குதுங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தார். தோளில் நிமிர்ந்து சாய்ந்தபடி, சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள் குண்டுமணி. மடியில் வாயைத் திறந்தபடி சின்னவள்.

"எது தூங்குது?" என்றார் மெதுவாக.

"ரெண்டும்."

அவர் சத்தம் வராமல் நடந்துபோய் டீயைத் தானே போட்டுக்கொண்டார். அவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.